எல்லை ஓடைக்குப் போன பதினெட்டுப் பிள்ளைகள்

என் பெயர் சிவஞானம். தகப்பன் பெயர் முத்துவேலு. வயது நாற்பத்திரண்டு. தொழில் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். இருப்பு கொஸ்லந்தைக்கு மேலே வெள்ளைப்பாறைத் தோட்டம், மூன்றாம் லயத்து வரிசை அறைகளில் கடைசிக் காம்பரா. 1913ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 23ஆம் திகதி பதுளை பொலிஸ் கோட்டில் நீதவான் முன் சத்தியம் செய்து சொல்வதாவது:

என்னை யாரும் பிடித்து வரவில்லை. பூவம்மா என்ற கூலிப் பெண்ணும் அவள் மகள் வள்ளியம்மையும் தோட்டத்தை விட்டுப் போக உதவினான் என்று எல்லைக் கேட்டுக் காவல்காரன் அழகரை ஐந்து நாளாக அடைத்து வைத்திருப்பதால், நடந்ததைச் சொல்ல நானாகவே வந்தேன். வண்டி கிடைத்த மட்டும் வண்டியிலும் மற்றத் தூரம் நடந்தும் வந்ததில் ஒன்றரை நாள் ஆயிற்று.

இந்த வருஷம் மாசி மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பரிசோதகர், பிள்ளைகள் புத்தகத்திலுள்ள தவளையை வாசிக்கிறார்கள், வெளியிலுள்ள தவளையைப் பற்றி ஒன்றும் அறியார்கள் என்று குறிப்பு எழுதினார். அவர் கேட்ட தோரணையில் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை என்பதே உண்மை. லயத்துப் பிள்ளைகளுக்குத் தவளை தெரியாது என்று எழுதியவரோடு வாதாட எனக்குத் தெம்பு இல்லை. வாரம் ஒரு நாள் வெளியே கூட்டிப்போய்த் தொட்டுப் பார்க்க வைத்துப் பாடம் நடத்த வேண்டும் என்றார். அதன் பிறகு தோட்டத் துரை வெள்ளிக்கிழமைகளில் பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை உத்தரவு கொடுத்து, தோட்டத்துக்குள் தேயிலையைத் தவிர வேறு அதிகம் இல்லாதபடியால், எல்லைக்கு வெளியே உள்ள ஓடை வரைக்கும் போகவும் சம்மதித்தார்.

எல்லைக் கேட்டில் துரை கையெழுத்திட்ட துண்டுச் சீட்டு இல்லாமல் யாரையும் வெளியே விடுவதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குத் துண்டு கிடையாது. போகும்போதும் வரும்போதும் அழகர் தலைகளை எண்ணுவான், அவ்வளவுதான்.

பூவம்மாவின் புருஷன் போன வருஷம் காய்ச்சலில் இறந்துபோனான். அதன் பிறகு அவள் தோட்டத்தை விட்டு விலகிக்கொள்ளத் துண்டு கேட்டு இரண்டு மனு கொடுத்தாள். இரண்டையும் எழுதியவன் நான். இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாம் முறை என்னிடம் வந்தபோது மனு எழுதச் சொல்லாமல், "வெள்ளிக்கிழமை பிள்ளைங்கள எந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறீங்க வாத்தியாரே?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வியாழக்கிழமை இராத்திரிக்குள் விளங்கிவிட்டது. விளங்கியும் பாடத்தை நிறுத்தவில்லை.

அக்டோபர் 17ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலையில் பூவம்மா கொஸ்லந்தையில் மருந்து வாங்க என்று ஒரு நாள் துண்டு பெற்றுப் போனாள். பிள்ளை தோட்டத்தில் இருக்கையில் தாய் எங்கே போய்விடுவாள் என்பதால் அப்படிக் கொடுப்பது வழக்கம். அதன் பிறகு பத்து மணிக்கு நான் பதினெட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போனேன். வள்ளியம்மையும் அதில் ஒருத்தி, வயது ஒன்பது. ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் மொண்டு தவளைக் குஞ்சுகளைப் பிடித்துப் பார்த்தார்கள். கரையைத் தோண்டி நண்டு வளையும் பார்த்தார்கள். அட்டை கடித்தவர்களுக்குச் சுண்ணாம்பு வைத்தேன். பிடித்ததைப் பார்த்து முடித்ததும் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது நான் வைத்த சட்டம்.

பதினொன்றரை மணி இருக்கும். பூவம்மா ஒரு மூட்டையுடன் அக்கரையில் வந்து நின்றாள். அவள் மகளைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். வள்ளியம்மை சிரட்டையோடு என்னிடம் வந்து, "ஐயா, இதுக்குப் பின்னங்காலு வந்துருச்சு. எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றாள். "தண்ணியில விட்டுட்டுப் போ. பாசி வழுக்கும், பாத்துப் போ" என்றேன். அவள் குனிந்து விட்டுவிட்டு, சிரட்டையைக் கரையில் கவிழ்த்து வைத்து, கல்லுக்குக் கல் கால் வைத்து அக்கரைக்குப் போனாள். எங்கே போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று இங்கே சொல்ல வேண்டி வந்திருக்கும்.

அதன் பிறகு மீதிப் பதினேழு பேரும் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள். கேட்டில் என்ன சொல்வது என்று யோசிக்கவும் எனக்குச் சக்தி இல்லை. அகப்பட்டால் அகப்படட்டும் என்றே நடந்தேன். நண்டு வளை தோண்டியதில் எல்லாப் பிள்ளைகளும் தலை முதல் கால் வரை சேறாக இருந்தார்கள். அழகர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணி உள்ளே விட்டான். முதலில் உள்ளே போன பிள்ளை காவல் குடிசைக்குப் பின்னால் சுற்றி, வேலிக்குக் கீழே போகும் தண்ணீர்க் கானுக்குள் தவழ்ந்து மறுபடியும் வெளியே வந்து, வரிசையின் கடைசியில் நின்றதை நான் கண்டேன். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுத்ததாகவும் தெரியவில்லை. அழகர் அந்தத் தலையையும் தொட்டு, "பதினெட்டு, சரியா இருக்கு வாத்தியாரே. ஏன் இப்படிச் சேத்துல பொரட்டி எடுத்துட்டு வர்றீங்க? ஆத்தாமாரு என்னையும்ல சேத்து ஏசுவாங்க" என்றான். நான் பிள்ளைகளுக்குப் பின்னால் உள்ளே போனேன்.

சனிக்கிழமை காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது பூவம்மா பேருக்குப் பதில் இல்லாமல் போக, லயத்தைத் தேடிப் பார்த்து, மகளும் இல்லை என்று கண்டு, அழகரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றே நான் வந்திருக்க வேண்டும். பயந்துவிட்டேன். திங்கட்கிழமை அழகரின் மனைவி என் காம்பரா வாசலில் நின்று, "அவரு எண்ணத் தெரியாத ஆளாங்க?" என்று கேட்டாள். அதன் பிறகுதான் புறப்பட்டு வந்தேன். அழகர் பதினெட்டுத் தலை எண்ணியது உண்மை. அவனை விட்டுவிட வேண்டும். குற்றம் என்னுடையது.

கானுக்குள் தவழ்ந்த பிள்ளை யார் என்று கோட்டார் கேட்கிறார்கள். எனக்குத் தெரியும். வயது ஏழு. பெயரைச் சொல்ல மாட்டேன். அதற்கு உள்ள தண்டனையையும் சேர்த்து எனக்கே தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இதில் சொன்ன எல்லாம் நடந்தது. நடந்ததில் இதில் சொல்லாதது அந்த ஒரு பெயர் மட்டும்.

(ஒப்பம்) மு. சிவஞானம்