ஒண்டில விழுற அடி

நீங்கள் எடுத்த கலியாண வீடியோவில, படத்தில ஒரு குறையும் இல்லை அண்ணை, நான் படத்தைப் பற்றிச் சொல்ல வரேல்லை. வடிவாத்தான் எடுத்திருக்கிறியள். பொம்பிளை றோசாப்பூவுக்குள்ளால வாறா, மாப்பிள்ளை பிக் பென் மணிக்கூட்டுக்குள்ளால வாறார், கேக்குக்குப் பின்னால நீர்வீழ்ச்சி ஓடுது. எல்லாம் சரி. நான் கேக்கிறது சத்தத்தை. உந்த ரேப்பில அண்டைக்கு ஹோல்ல கேட்ட சத்தம் எங்கை?

நான் பெர்னடெற். பொம்பிளை மேரிறோஸின்ர பெரியம்மா மகள். எண்பத்தெட்டாம் ஆண்டு, இஞ்சை லண்டன்ல, சட்டன் பக்கம் கோயில் ஹோல்ல நடந்த கலியாணம். அஞ்சு வருசம் எண்டா அஞ்சு வருசம்தான், உங்களுக்கு எத்தினை கலியாண வீடு, ஞாபகம் வச்சிருக்க ஏலாதுதான். ஆனா இதை மறந்திருக்க மாட்டியள். மூண்டு கறுப்பு ஆக்களும் எங்கட பெடியன் ஒருத்தனுமா நிண்டு வாசிச்ச கலியாணம். ஓம், அதேதான். பாத்தியளே, இப்பவும் முகத்தைச் சுளிக்கிறியள். அந்தப் பெடியன் என்ர தம்பி, கிறிஸ்துராஜா. வீட்டில ராஜா.

கிற்றார் இல்லையண்ணை, பேஸ். நாலு தடிச்ச கம்பி. விரலால மீட்டுறதில்லை, கட்டைவிரலால ஓங்கி அடிக்கிறது.

உங்கட ரேப்பில அவன் முழங்காலை மடிச்சுக்கொண்டு நிண்டு அடிக்கிறான், எங்கட பெரியம்மா கூடச் சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு துள்ளுறா. வாற பாட்டு என்னெண்டா, வயலினும் ஒரு பொம்பிளையின்ர அழுகையும். சனம் துள்ளுது, பாட்டு ஒப்பாரி வைக்குது. பாக்கிற எனக்கு விசர் வராதோ சொல்லுங்கோ.

எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை எண்டு எனக்குத் தெரியாதே? சாமத்தியவீடு, கலியாணம், பேத்டே, எதெண்டாலும் நேர்ச் சத்தத்தை எடுத்துப்போட்டுப் படப்பாட்டைப் போடுறது. ஓம், சனமும் அதைத்தான் விரும்புது. கோப்பை தட்டுற சத்தத்தையும் பிள்ளையள் கத்துறதையும் ஆர் கேக்கப்போகினம். ஆனா இது பாட்டண்ணை. பாட்டுக்கு மேல பாட்டைப் போட்டு மூடியிருக்கிறியள்.

இரைச்சலாம். சரி, சொல்லுங்கோ. எனக்கும் முதல்ல அப்பிடித்தான் இருந்தது. நாங்கள் அப்ப தோர்ண்டன் ஹீத்தில. ராஜா எண்பத்தஞ்சில வந்து எங்களோட நிண்டவன். அகதிக் கேஸ் முடிவு வரேல்லை, பாசை இல்லை, பெற்றோல் ஷெட்டில ஷிப்ட். பக்கத்து வீட்டில டெல்றோய் எண்டு ஒரு ஜமேக்காக்காரர், பஸ் ஓடுறவர். சனிக்கிழமை விடிஞ்சால் காணும், சுவருக்குள்ளால டும், டும் எண்டு வரும். அலுமாரிக்குள்ள கிளாசெல்லாம் நடுங்கும். ஒருநாள் எனக்குப் பொறுக்கேலாமல், வாடா தம்பி, ரெண்டு பேருமாப் போய்க் கேப்பம் எண்டு கூட்டிக்கொண்டு போனன். நான் வாசல்ல நிண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில கத்துறன். திரும்பிப் பாத்தா எங்கட ஆளைக் காணேல்லை. அந்த மனிசனை விலத்திக்கொண்டு உள்ளுக்குப் போய், ஸ்பீக்கருக்கு முன்னால சப்பாணி கட்டிக்கொண்டு இருக்கிறான். சண்டை பிடிக்கக் கூட்டிக்கொண்டு போன ஆள் அண்டு முழுக்க வீட்டுக்கு வரேல்லை.

அதுக்குப் பேர் ஃபங்க். கேள்விப்பட்டிருப்பியள். நீங்கள் உந்தப் படப்பாட்டுக்காரரைப் புதுசு எண்டு தூக்கிப் பிடிக்கிறியளே, அதுக்குள்ள துள்ளுற பேஸ் எல்லாம் எங்கை இருந்து வந்தது எண்டு நினைக்கிறியள்?

இல்லையண்ணை, பொறுங்கோ, சொல்லுறன். கடையில இப்ப ஆளில்லைத்தானே. விளங்கினால்தான் நான் ஏன் இப்பிடி நிண்டு மினைக்கெடுறன் எண்டு தெரியும். அமெரிக்காவில கறுப்புச் சனத்தின்ர சாமான் இது. அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேர்வை நாத்தம் எண்டுதானாம். வேலை செய்து நாறுற சனம் எண்டு நக்கலாச் சொன்ன சொல்லை, ஓமடா, நாங்கள் நாறுவம், இதுதான் எங்கட பாட்டு எண்டு எடுத்து வச்சுக்கொண்டினம். அறுபதுகளின்ர நடுவில ஜேம்ஸ் பிறவுண் எண்ட மனிசன்தான் அதைத் திருப்பிவிட்டது எண்டு டெல்றோய் சொல்லுவார். அதுக்கு முன்னம் பாட்டெண்டால் நாலு எண்ணிறதில ரெண்டிலயும் நாலிலயும்தான் கை தட்டுறது. அந்தாள் எல்லாத்தையும் ஒண்டில கொண்டுவந்து போட்டுது. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, திருப்பி ஒண்டு. அந்த ஒண்டில எல்லாரும் சேந்து விழோணும். மிச்ச இடத்தில ஆர் என்ன விளையாட்டும் விடலாம், ஒண்டை மட்டும் தவற விடக் கூடாது. கிற்றார், ட்றம்பற், பாடுறவன்ர தொண்டை, எல்லாமே மேளம்தான். உங்கட மேசையில தட்டிக் காட்டட்டே? இஞ்சை, பாருங்கோ. ஒண்டு... ஒண்டு... விளங்குதோ?

ராஜா ஊரில பங்குக் கோயில்ல பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசிச்சவன். நான் அவனைப் பேசுவன், உந்தக் கோதாரிச் சத்தத்துக்கு ஏன்ரா பின்னால திரியிறாய் எண்டு. அக்கா, இதுவும் கோயில்ல இருந்து வந்ததுதான், அவையளின்ர கோயில்ல கை தட்டிப் பாடின பாட்டுத்தான் றோட்டுக்கு வந்தது எண்டுவான். சரி, அங்கையே விட்டிட்டு வா எண்டுவன்.

அவன் வந்த நேரம் இஞ்சை உந்தப் பாட்டை ஒருத்தரும் கேக்கேல்லை அண்ணை. பழசாப் போச்சு எண்டு சனம் றெக்கோட்டுகளைக் கோயில் விற்பனைக்குக் கொண்டுவந்து குடுத்துப்போட்டுப் போகும். அதுக்குப் பிறகு ஒரு வருசமோ ரெண்டு வருசமோ, என்ன நடந்ததோ தெரியாது, லண்டன் முழுக்கத் திருப்பியும் அதே பாட்டுத்தான். மாடி வீட்டு உச்சியில ஏரியல் பூட்டிக் களவா ரேடியோ நடத்துவாங்கள், கேட்டிருப்பியள். அரசாங்கம் வந்து கழட்டிக்கொண்டு போகும், அடுத்த கிழமை வேற மாடியில பூட்டுவாங்கள். அதில ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதுதான். பாழடைஞ்ச குடோன் வழிய பார்ட்டி. யூனிவேசிற்றிப் பிள்ளையள், வெள்ளைப் பெடியள், அகலக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு வரிசையில நிக்குங்கள். பேந்து றாப் பாடுறவங்கள் வந்து, அந்தப் பழைய றெக்கோட்டுகளில இருந்து ஒரு துண்டு மேளம், ஒரு துண்டு பேஸ் எண்டு வெட்டி ஒட்டித் தங்கட பாட்டுச் செய்தாங்கள். இண்டைக்கு நீங்கள் ரீவியைப் போட்டால் விளம்பரத்துக்கும் அதுதான் போகுது. ஊரெல்லாம் கிடக்கு. என்ர தம்பி அடிச்சது மட்டும் ஒரு இடத்திலயும் இல்லை.

கோபம் வராமல் என்ன செய்யும்?

இல்லை, ராஜாவாக்கள் தங்கட பாட்டை ஒரு ரேப்பிலயும் பதிஞ்சு வைக்கேல்லை. அதுதானே பிரச்சினை. டெல்றோய் ட்றம்ஸ், அவற்ற சொந்தக்காரர் ரெண்டு பேர், எங்கட ராஜா பேஸ். அடைச்சு வச்சால் செத்துப்போகும், ஆக்களுக்கு முன்னால வாசிக்கத்தான் இது எண்டு டெல்றோய் பெரிய கதை கதைப்பார். நான் போன் எடுத்துப் பேசிப்போட்டன் அந்த மனிசனை. அவரும் அழுகிறார், என்னத்தைச் செய்ய. அவையள் வாசிச்ச இடத்தில வீடியோக் காமெரா நிண்டது மேரிறோஸின்ர கலியாணத்தில மட்டும்தான். பிடிச்சது நீங்கள். மூடினதும் நீங்கள்.

அவனிட்டைச் சொல்லித் திருப்பி வாசிச்சு எடுக்கலாம்தானே எண்டு லேசாச் சொல்லுறியள். கேக்காமல் இருக்கிறனே? ஒவ்வொரு நாளும் போய்க் கேக்கிறன்.

அதை விடுங்கோ. நீங்கள் ஒரு இடத்தை மறந்துபோய் விட்டிருக்கிறியள், தெரியுமோ? சாப்பாட்டுக்கு முன்னம் ஃபாதர் மைக்கைப் பிடிச்சுச் செபம் சொல்லுற இடம். அதுக்கு மேல படப்பாட்டைப் போட உங்களுக்கே பயமாக்கிடந்திருக்கும். அதில மட்டும்தான் நேர்ச் சத்தம் கிடக்கு. ஃபாதர் தொண்டையைச் செருமுறார், பின்னால ராஜா இன்னும் அடிச்சுக்கொண்டு நிக்கிறான். டும், டும் எண்டு நாலைஞ்சு சுத்து. ஆரோ கையைக் காட்ட நிப்பாட்டிறான். பிதா சுதன் எண்டு ஃபாதர் தொடங்குறார். அவ்வளவுதான் என்ர தம்பியின்ர பாட்டு, இந்த உலகத்தில மிச்சமாக் கிடக்கிறது.

நான் கேக்கிறது உங்கட காமெராவுக்குள்ள முதல் போட்டு எடுத்த ரேப்பை. பாட்டுப் போட முன்னம் இருந்தது. அழிச்சுப்போட்டு அதிலயே அடுத்த கலியாணத்தை எடுக்கிறனீங்களோ? எல்லாத்தையுமோ? அண்ணை, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. சிலது உங்கட குட்மேய்ஸ் வீட்டிலயோ? கடைக்குக் கீழையும் பெட்டியள் கிடக்கோ? அப்ப கிடக்கலாம்தானே. பாக்காமல் எப்பிடி இல்லையெண்டு சொல்லுவியள்?

நாளைக்கு எண்டு தள்ளாதேங்கோ. அடுத்த கிழமை எண்டா ஒரு பிரயோசனமும் இல்லை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில டொக்டர்மார் கூட்டம் வைக்கினம், அதுக்கு முன்னம் எனக்கு வேணும்.

ராஜாவுக்குத்தான். நான் சொல்லேல்லையே? மாரி தொடங்கேக்கை, ஷிப்ட் முடிச்சுச் சைக்கிள்ல வந்தவனை நோர்பரி ஸ்ரேசனடியில வான்காரன் அடிச்சுப்போட்டான். எலும்பு முறிவெல்லாம் சுகமாகீற்றுது. ஆள் எழும்பேல்லை. கண் திறந்து கிடக்கு, எங்களைப் பாக்கிறானோ சுவரைப் பாக்கிறானோ தெரியாது. இனியும் அவனை வச்சுப் பாக்கிறதோ எண்டு முடிவெடுக்கத்தான் அந்த வியாழக்கிழமைக் கூட்டம். வழக்கமாக் கேக்கிற சத்தம் ஏதும் போடுங்கோ எண்டு நேர்ஸ் பிள்ளை சொன்னவ. அவன்ர றெக்கோட்டெல்லாத்தையும் கசெற்றில பதிஞ்சு காதில போட்டன். ஜேம்ஸ் பிறவுணும் போட்டன். ஒண்டுமில்லை. கண்ணிமை கூட ஆடேல்லை. கடைசியில உங்கட வீடியோவை ரீவியில போட்டு, கசெற் றெக்கோடரை முன்னால பிடிச்சு, அந்தச் செபத்தைப் பதிஞ்சுகொண்டு போனன். தம்பி அடிச்சதுதானே எண்டு.

போட்டன். டும், டும் எண்டு கேட்டுது. ஒண்டுமில்லை. பேந்து ரேப்பில அவன் நிப்பாட்டிறான், ஃபாதர் தொடங்குறார். அப்பதான் அண்ணை, போர்வைக்கு மேல கிடந்த கட்டைவிரல் விழுந்தது. அடுத்த ஒண்டில. ரேப்பில அடி இல்லாத இடத்தில.

திருப்பிப் போட்டன். அதே இடத்தில திருப்பியும் விழுந்தது. டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டினன். நல்ல மனிசன், என்ர தோளில கையை வச்சுக்கொண்டு, அது நரம்பு சும்மா துடிக்கிறது எண்டார். சும்மா துடிக்கிற விரல், எண்ணிக்கையில ஒண்டு வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்குமே? நிப்பாட்டச் சொல்லி ஆரோ கையைக் காட்டினதால நிப்பாட்டினவனண்ணை அவன். உள்ளுக்குள்ள இன்னும் எண்ணிக்கொண்டு கிடக்கிறான். மிச்சப் பாட்டு உங்களிட்டைத்தான் கிடக்கு.

ஏன் கதிரையில இருந்திட்டியள்? எழும்புங்கோ அண்ணை. கீழை லைற்றைப் போடுங்கோ, அந்தப் பெட்டியளை இறக்குவம்.