ஒரு ‘சரிங்க’வால் மூடிய புகார்

சூலூரில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“மிஷினுக்கு மருவாதி குடுத்தது என்ர தப்புங்கக்கா” என்றாள் இளையவள். நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் காதைக் கொடுத்தேன்.

“எந்த மிஷினு அம்மணி?”

“எங்க வீதிக்குப் பத்து நாளாத் தண்ணி வர்லீன்னு போன் ஆப்புல புகார் போட்டனுங்க. ஒரு மிஷின் போன் பண்ணி, ‘குழாய் சரி செய்யப்பட்டதா?’ன்னு கேட்டுச்சு. யாராச்சும் பேசுனா நாம ‘சரிங்க, சரிங்க’ன்னு கேட்டுக்குவமில்லீங்களா, அப்படிச் சொல்லிப்போட்டேன். சரியாயிருச்சுன்னு புகாரை மூடிப்போட்டாங்க.”

“இனி ஆபீசுக்கு அலையோணுமா?”

“எதுக்குங்க? வீதியே சேந்து மறுபடியும் போட்டுட்டோம். நாப்பது ஊடு, நாப்பது போட்டோ. சரியாயிருச்சுன்னு ஆபீசுல எழுதிக்கிட்ட காலம் போச்சுங்க. இனி நாங்க சரின்னாத்தான் சரி.”

அப்போதே அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

‘குழாய் சரி செய்யப்பட்டதா?’

“இல்லீங்க!” பாதி பஸ் திரும்பிப் பார்த்தது.

‘உங்கள் பதில் பதிவாகிறது. காத்திருங்கள்.’

“ச...” என்று அவள் ஆரம்பிப்பதற்குள் மூத்தவள் அவள் வாயைப் பொத்தினாள்.