செருப்பு மாறவில்லை

— எழுதின வரைக்கும் படிக்கிறேன், கேளுங்க. 'இடம்: வேங்கிக்கால், கலெக்டர் ஆபீஸ் எதிரே புங்கமரத்தடி. முன்னால் பெஞ்சில் சந்திரம்மாள், இடது காலை ஸ்டூல்மேல் நீட்டியபடி. பக்கத்தில் மகள் கீர்த்தனா. மேசைக்குப் பின்னால் எழுத்தர் இராமலிங்கம்.'

— நன்றிக் கடுதாசிக்கு யாரு எங்க உக்காந்தாங்கனு எதுக்கு சார்?

— நாளைக்கு எவனும் 'அந்தம்மா அப்படிச் சொல்லவே இல்ல'னு சொல்லக்கூடாது பாரு, அதுக்குத்தான். வரிசையா சொல்லுங்கம்மா. கடுதாசி யாருக்கு?

— ராஜமாணிக்கத்துக்குங்க. கிரிவலப் பாதையில செருப்பு விடுற கடையைக் குத்தகை எடுத்திருக்காரே, அவருக்கு. வர்ற பௌர்ணமிக்குள்ள பச்சையம்மாவை மறுபடி அங்க உக்கார வைக்கணும். என்னாலதான் அவ வேலை போச்சு.

— எப்படி?

— மாசாமாசம் அவகிட்டதாங்க செருப்பை விட்டுட்டு மலையைச் சுத்துவேன். போன ஐப்பசியில சுத்திட்டு வந்து போட்டா, இடது செருப்பு ஏறவே இல்ல. 'என் செருப்பை மாத்திட்டியாடி'னு கத்திட்டேன். கூட்டம் கூடிடுச்சு.

— அவங்க சொன்னதையும் சொல்லும்மா. 'செருப்பு மாறலம்மா, உன் காலுதான் மாறிக்கினே வருது. நாலு மாசமா பாக்கறேன், இடது வாரு மட்டும் இழுத்துக்கினு கெடக்குது. நடந்து வீங்கினா ரெண்டு காலும்ல வீங்கணும்? டாக்டரைப் பாரு'ன்னாங்க சார்.

— எனக்கு ஆத்திரங்க. எல்லார் முன்னாடியும் என் காலைக் குத்தம் சொல்றாளேனு. எங்க வீட்டுக்காரர் மறுநாளே யார்கிட்டயோ ஒரு புகார் எழுதி வாங்கி ராஜமாணிக்கத்துக்குப் போட்டுட்டாரு.

— அப்பா 'மாறிப்போச்சு'னுதான் சொன்னாராம் சார். எழுதினவர் 'வேண்டுமென்றே மாற்றினார்'னு போட்டுட்டார். அந்த ஒரு வார்த்தையைக் காட்டித்தான் அவங்களை வெளிய அனுப்பினாங்க.

— ம்... சரி. காலைப் பத்திச் சொல்லுங்க. வரிசையா.

— தையில தொடையிடுக்குல நெறி கட்டி, காய்ச்சல் தூக்கிப் போட்டுச்சு. கால் செவந்து உலக்கையாட்டம் கனத்துப்போச்சு. அப்பதாங்க அவ சொன்னது உறைச்சது.

— டாக்டர் ரெண்டு காலையும் டேப் வச்சு அளந்தார் சார். அழுத்தினா குழி விழுந்துச்சு. ரெண்டாவது விரல் மேல தோலைக் கிள்ளித் தூக்கப் பார்த்தார், வரவே இல்ல. அப்புறம் ஸ்கேன், ரத்த டெஸ்ட். யானைக்கால், ஆரம்பம்னார்.

— அழுதேங்க. 'அழாதீங்க, சீக்கிரம் வந்துட்டீங்க. முழுசா போகாது, ஆனா பெருக்காம வச்சுக்கலாம்'னாரு. தினம் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கெல்லாம் ஈரமில்லாம தொடைச்சு, கட்டுப் போடறேன். கைக்குழந்தையைக் கூட இப்படிப் பாத்துக்கல நான். வீக்கம் கம்மியாயிடுச்சு.

— என்னைக் கூட இப்படிப் பாத்துக்கலையாம் சார், எழுதிக்கோங்க.

— சும்மா இருடி. பச்சையம்மா வீட்டுக்குப் போனேங்க, மன்னிப்புக் கேக்க. வாய் தொறக்கறதுக்குள்ள, 'உக்காரு, காலைத் தூக்கி வை'ன்னா. அவ மட்டும் சொல்லலைனா இன்னமும் நடந்த வீக்கம்னு தைலம் தேச்சுக்கினு இருப்பேன்.

— முடிச்சுட்டேன். கேளுங்க. 'செருப்பு மாறவில்லை. மாறியது என் கால். அதை முதலில் கண்டு சொன்னவர் பச்சையம்மாள். வேண்டுமென்றே என்று எழுதியது பொய். இன்று நான் தைரியமாக நடக்கிறேன் என்றால் அது அவரால். அவரை அதே இடத்தில் அமர்த்த வேண்டுகிறேன்.' சரியா?

— என் மனசுல இருந்தது அப்படியே இருக்குங்க. நீங்க நல்லா இருக்கணும். கையெழுத்து எங்க போடணும்?

— இங்க. ...ஆச்சு. உறையில போட்டுப் பசை தடவி ஒட்டியாச்சு. கீர்த்தனா, எதிர்ல தபால் பெட்டி. ஓடு, மூணு மணிக்கு எடுத்துடுவான்.

— போட்டுட்டேன் சார். ஆனா ஒண்ணு, உறையில அட்ரஸ் எழுதியிருந்ததே. நாங்க சொல்லவே இல்லையே?

— உங்கப்பா போன ஐப்பசியில இதே பெஞ்சுல உக்காந்து சொன்னதும்மா. 'வேண்டுமென்றே' மட்டும் அவர் சொல்லல.