காஞ்சிபுரம்தான் நிற்கும்

"இங்க எழுதினா மாம்பலத்துல தெரியுமா?" என்று காசிநாதன் அண்ணன் கேட்டார்.

"தெரியும்ணே. அங்க எழுதினா இங்கயும் தெரியும். ரெண்டு சர்வரும் ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கினே இருக்கும்."

"ஒரே பொண்ணோட விவரத்த ரெண்டு பக்கமும் மாத்திட்டாங்கன்னு வை. எது நிக்கும்?"

"நீங்க எத சொல்றீங்களோ அது."

"இன்னாபா கேள்வி இது? மாம்பலம் நேத்து தொறந்த கடை. காஞ்சிபுரம்தான் நிக்கும்."

சார், அந்த விதியை நான் கேட்டு வாங்கவில்லை. அவருடைய திருமணத் தகவல் நிலையம், அவருடைய வாய்ச்சொல். நான் அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான். இரண்டாயிரத்து மூன்றில் இந்த ஊரில் அந்த வேலை தெரிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

அந்த வருஷம்தான் உங்கள் வீட்டு மாமியும் மகள் ஜாஹ்னவியும் பதிவு செய்ய வந்தார்கள். கம்ப்யூட்டர் சென்டரில் நானும் ஜாஹ்னவியும் ஒரே மெஷினில் படித்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. "நீங்கதான் என்ட்ரி போடறேளா? அப்போ தப்பு வராது" என்றாள். அவள் என்னிடம் சொன்னதில் நான் இன்றுவரை வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

நான் பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர் வீட்டுப் பையன். உங்கள் வீட்டுப் பெண்ணை எனக்கு எப்படிக் கேட்பது? மற்ற கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தால் கேட்கலாம் என்று தோன்றியது. யோசித்துப் பாருங்கள், அதில் நியாயம் இருக்கிறது.

அவள் நட்சத்திரம் அனுஷம். அதை மூலம் என்று போட்டேன். ராசியையும் விருச்சிகத்திலிருந்து தனுசுக்கு மாற்றினேன். வேலை என்றால் முழுதாகச் செய்ய வேண்டும்.

பெண் மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். பிள்ளை வீட்டார் அதைப் பெண் வீட்டில் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். பாவம் என்று நினைத்து, "பெருமாள் உத்தரவு வரலை" என்று நிறுத்திக்கொள்வார்கள். ஜாதகம் கேட்கும் வரைக்கும்கூட யாரும் வரவில்லை. பெண்ணின் விவரத் தாள் பிள்ளை வீட்டாருக்குத்தான் போகும் என்பதால், நீங்கள் அதைப் பார்த்ததே இல்லை. நல்லவர்களின் மரியாதைதான் சார் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

ஒருத்தி மட்டும் பார்த்துவிட்டாள். மாம்பலத்தில் மேரி என்று ஒரு பெண். நீங்கள் கையால் எழுதிக் கொடுத்த படிவத்தின் நகலோடு ஒத்துப் பார்த்து, அனுஷம் என்று திருத்தியிருக்கிறாள். நான் அதற்கு முன்பே ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். ஜாஹ்னவியின் பதிவை மட்டும் காஞ்சிபுரம் சர்வர் தினமும் ஒருமுறை சும்மா தொட்டுவிட்டுப் போகும், அதுவும் ஒரு மாற்றமாகவே பதிவாகும். மாம்பலத்தில் யாராவது திருத்தினால், இரண்டு பக்கமும் மாற்றியதாக ஆகும். அப்போது காஞ்சிபுரம்தான் நிற்கும். மேரி திருத்தத் திருத்த மூலம் திரும்பி வந்தது. "நான் மாத்தினேன் சார், அது தானா மாறுது" என்று அழுதாளாம். கவனமில்லாத பெண் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

மாமி ஒருநாள் என்னைத் தேடி வந்தார்.

"ஒருத்தரும் காரணம் சொல்ல மாட்டேங்கறா விக்னேஷ். அந்தக் கம்ப்யூட்டர்ல எல்லாம் சரியா இருக்கான்னு பாரேன்பா."

பார்த்தேன். நான் வைத்தது வைத்தபடி இருந்தது.

"சரியா இருக்குது மாமி."

"அப்போ எங்கிட்டதான் ஏதோ குறை" என்றார். அதற்குப் பிறகுதான் அந்த விரதங்களை ஆரம்பித்தார். சர்க்கரை உடம்போடு ஒருவர் பட்டினி கிடக்கலாமா? வேண்டாம் என்று நானே எத்தனையோ முறை சொன்னேன், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். வரதராஜர் கோயில் படியில் மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆட்டோவில் நானும் இருந்தேன். என் மடியில்தான் தலை இருந்தது. கடைசியாக அவர் பேசியது என்னிடம்தான். "அவளுக்கு ஒரு இடம் பாரு விக்னேஷ்" என்றார்.

அன்றே நிலையத்துக்குப் போய் அனுஷம் என்று மாற்றிவிட்டிருக்கலாம். மாற்ற நினைத்தேன். ஆனால் ஆறு வருஷத்து உழைப்பு சார். அதற்குள் ஜாஹ்னவியின் படத்தைப் பார்த்ததுமே பிள்ளை வீட்டார், "இந்தப் பொண்ணா" என்று தாளைத் திருப்பி வைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. இப்போது மாற்றினாலும் ஒன்றும் மாறாது.

வீட்டை விற்றுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போய்விடப் போவதாக நேற்று சொன்னீர்கள். "இனிமே யாரையும் எதுவும் கேக்கப் போறதில்லே" என்றீர்கள். இல்லாவிட்டால் இதையெல்லாம் நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.

இப்படிப் பார்க்காதீர்கள் சார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், கேட்கட்டும். எத்தனையோ நட்சத்திரம் இருக்க, ஏன் மூலத்தைப் போட்டேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? எனக்கு அப்பா இல்லை. மாமனாருக்கு ஆகாது என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழாது. மூலம் என்று தெரிந்தும் தலைவாழை இலை போட்டு வரவேற்கிற வீடு இந்த ஊரில் ஒன்றாவது இருக்கட்டும் என்று, அவளுக்காக யோசித்து யோசித்துத்தான் அதைப் போட்டேன்.

ஜாஹ்னவிய எனக்குக் குடுங்க சார்.