சுரண்டாத அட்டை

என் பேச்சு நீளுமோ என்று இப்போதே கைக்கடிகாரம் பார்க்கும் அவைத் தலைவர் செல்வநாயகம் ஐயா அவர்களே, முன்வரிசைக் கதிரையில் வேர்க்க வேர்க்க வீற்றிருக்கும் வங்கி முகாமையாளர் அவர்களே, கடையைப் பூட்டிவிட்டு வந்த இஸ்ஸதீன் நானா அவர்களே, தோட்டத்து ஈரமண் காலோடு வந்திருக்கும் செட்டிகுளத்துத் தாய்மாரே! வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நம் தங்கம்மா அக்கா வங்கியில் கணக்குத் தொடங்கப் போனார். அடையாள அட்டை கேட்டார்கள். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அக்கா சொன்னார்: "அட்டை எங்க ஆளுங்க காலைக் கடிச்சதோட சரிங்க. கையில கிடைச்சதில்ல."

முகாமையாளர் ஐயா, சிரிக்கலாம். சிரிப்புக்குக் கணக்குத் தேவையில்லை.

அட்டை இல்லாதவருக்கு வங்கி எது? இன்னோர் அட்டை! அக்காவின் மகள் நிசாந்தினி கொழும்பில் தைத்து உழைத்த காசுக்கு, சுரண்டினால் இலக்கம் தெரியும் தொலைபேசி அட்டை வாங்கி, ஊருக்கு வருவோரிடம் கொடுத்துவிடுவாள். இங்கே கடையில் கொடுத்தால் பம்புக்கு மண்ணெண்ணெய். பம்பு ஓடினால் மிளகாய். மிளகாய் இருந்தால் வாழ்வு.

முதல் அட்டையை ஒரு கடைக்காரர் நாணயத்தால் சுரண்டினார், நாணயமில்லாமல்! இலக்கத்தைத் தன் போனுக்கு ஏற்றிவிட்டு, "இது செத்த அட்டை" என்றார். பம்பு நின்றது. பாதிப் பாத்தி கருகியது.

அந்தக் கிழமைதான் தலைவர் ஐயா, நீங்கள் இதே மேடையில் முழங்கினீர்கள்: "உழைப்பவரே, எவரையும் சுரண்ட விடாதீர்கள்!" நீங்கள் உலகத்தைப் பற்றிப் பேசினீர்கள். தங்கம்மா அக்காவோ, அட்டையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றே நினைத்தார்.

அடுத்த அட்டையோடு இஸ்ஸதீன் நானாவிடம் போனார். நானாவின் கையில் நாணயம், காசு கொடுத்து வாங்கியவருக்காகச் சுரண்டிக்கொண்டிருந்த அட்டை. கண்டதும் அக்கா தன் அட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "சுரண்ட விடமாட்டேன் நானா. ஐயா மேடையில சொல்லிட்டாரு."

நானா சொன்னார்: "சுரண்டினதை ஆர் வாங்குவினம், அக்கா? அப்படியே தாங்கோ, அப்படியே விப்பன்."

முழு விலைக்கும் மண்ணெண்ணெய் கிடைத்தது. இருமி இருமிப் பம்பு எழுந்தது. மிஞ்சிய மிளகாயும் எழுந்தது!

யார் அங்கே சிரிப்பது? தலைவரா? ஐயா, உங்கள் பேச்சைக் கேட்டுக் கைதட்டியவர்கள் நாங்கள். கேட்டு நடந்தவர் யார்? பிழையாக விளங்கியவர் யார்? சுரண்டாத வரைதான் அட்டைக்குப் பெறுமதி! சுரண்டவிடாத வரைதான் ஆளுக்குப் பெறுமதி! தீர்மானம் இதுதான்: அட்டையை முழு விலைக்கு எடுக்கும் கடைக்கே இனி எங்கள் மிளகாய் போகும். தாய்மாரே, கை உயரட்டும்!

உயர்ந்த கைகளுக்கு நன்றி. பொன்னாடைக்குப் பதிலாகத் தங்கம்மா அக்கா காய்ந்த செத்தல் மிளகாய்ப் பொதிகள் கொண்டுவந்திருக்கிறார். தலைவருக்கு ஒன்று. முகாமையாளருக்கும் ஒன்று உண்டு. அடையாள அட்டையைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம்.

வணக்கம்.