ஜன்னல் இல்லாத தொட்டி

என் பெயர் எசினாம் அக்போட்சா. தந்தை பெயர் கோட்ஸோ. வயது முப்பத்தாறு. டெமா நகரம், ஏழாம் குடியிருப்பில் சர்ச்சுக்குப் பின்புறம் வாடகை வீட்டில் வசிக்கிறேன். துறைமுகச் சாலையில் உள்ள தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளராக வேலை செய்கிறேன். என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

படகுப் பட்டறை மேஸ்திரி ஓக்கோவை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். இறந்துபோன அக்வெட்டே அவருடன் ஒரே வயிற்றில் பிறந்த இரட்டைத் தம்பி. படகுகளின் டீசல் தொட்டிக்குள் இறங்கிக் கழுவுவது அக்வெட்டேயின் வேலை. போன மாதம் பட்டறைக்குப் புதிதாக ஒரு கழுவும் திரவம் வந்தது. மூடிய தொட்டிக்குள் அதை வைத்து வேலை செய்யலாமா என்று பார்த்துச் சொல்லும்படி எங்கள் கூடத்துக்கு ஒரு புட்டி அனுப்பினார்கள். அதன் ஆவியழுத்தத்தை அளக்கும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டது. ஆவியழுத்தம் என்றால் என்ன என்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். மூடிய இடத்தில் ஒரு திரவம் எவ்வளவு ஆவியாகி நிரம்பும் என்பதைக் காட்டும் அளவு அது. அது கூடக்கூட, உள்ளே இருப்பவருக்கு மூச்சுக்காற்று குறையும்.

திரவத்தைக் கண்ணாடிக் குமிழில் ஊற்றி, குமிழை வெந்நீர்த் தொட்டியில் இறக்கினேன். திரவத்தில் கரைந்திருக்கும் காற்றும் சேர்ந்து அழுத்தும் என்பதால் அளக்குமுன் பம்பு வைத்து அதை இழுத்துவிட வேண்டும். எங்கள் கூடத்தின் வழக்கம் இழுப்பது, அளப்பது, மறுபடி இழுப்பது. அழுத்தமானியின் முள் ஒரே இடத்தில் நிற்கும்வரை இதுதான். ஒரே பொருளாலான திரவத்துக்கு இது சரி. பட்டறைத் திரவம் ஒரு கலவை. கலவையை இப்படி இழுத்தால் அதில் லேசாக ஆவியாகும் பகுதி காற்றோடு போய்விடும், மிஞ்சுவது சாதுவாக இருக்கும். இது எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததுதான். அன்று மறந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஞாபகம் வந்தது. முள் இறங்க இறங்க, வேலை முடிகிறதே என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது.

பம்பு ஓடும்போது அறையில் தித்திப்பாக ஒரு வாடை வந்தது. எனக்குத் தலை சுற்றியதால் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அப்போது எங்கள் மேலாளர் அம்போஃபோ வந்தார்.

"என்னம்மா, இன்னும் முள்ளு ஆடுதா? நிக்கிறவரைக்கும் இழு. ஆடுற முள்ளுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். நானும் இழுத்தேன். முள் நின்றது. அழுத்தம் குறைவு என்று எழுதிக் கொடுத்தேன், அவர் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு, சம்பவத்தன்று காலையில் ஓக்கோ எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, காத்தடிக்கிற மெஷினப் பக்கத்துப் படகுக்குத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. அது வர்ற வரைக்கும் நிக்கணுமா, இறங்கலாமா?"

பின்னாலிருந்து அக்வெட்டேயின் குரல் கேட்டது. "நாத்தம் அடிக்குமான்னு கேளுடா. மத்தியானம் கென்கேயும் மீனும் தொண்டையில எறங்கணும்ல."

"இவன் கவலைய பாருங்க. எனக்குப் பின்னாடி பொறந்தவன், சாப்பாட்டுல மட்டும் முன்னாடி" என்று ஓக்கோ சிரித்தார்.

"அழுத்தம் கம்மிதான் ஓக்கோ. மூடியத் திறந்து வெச்சா போதும், இறங்கலாம்" என்று நான் சொன்னேன். இதை அவர் தன் வாக்குமூலத்தில் சொல்லவில்லை என்று இங்கே வாசலில் காவலர் சொல்லித்தான் அறிந்தேன்.

மதியத்துக்கு முன்பே அக்வெட்டே தொட்டிக்குள் விழுந்து கிடப்பதாகவும், இழுக்கப் போன ஓக்கோவை நான்கு பேர் பிடித்து நிறுத்தியதாகவும் கேள்விப்பட்டேன். அதன் பிறகு, மெஷின் இல்லாமல் ஆளை இறக்கிய குற்றத்துக்காக ஓக்கோ கைது செய்யப்பட்டார். அம்போஃபோ என்னை அறைக்குள் கூப்பிட்டு, "மெஷின் போடாதது அவன் தப்பு. நம்ம கூடத்த நடுத்தெருவுக்கு இழுத்துராத. உனக்கும் பிள்ளைங்க இருக்கு" என்றார்.

அதன் பிறகு புட்டியில் மீதி இருந்த திரவத்தை எடுத்தேன். மீன் ஏற்றுமதிக் கிடங்கில் உலர்பனி கேட்டு வாங்கி, அதில் திரவத்தை நன்றாகக் குளிரவைத்து, லேசான பகுதி தப்பாதபடி காற்றை மட்டும் இழுத்தேன். முதலில் இப்படித்தான் செய்திருக்க வேண்டும். பிறகு அளந்தேன். முன்பு எழுதியதைப் போல் பல மடங்கு வந்தது. அம்போஃபோவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, விளக்கை அணைக்கச் சொல்லிப் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் பம்பு இருந்தது என் கையில்.

இன்று உள்ளே வரும்போது கம்பிக்குப் பின்னால் ஓக்கோவைப் பார்த்தேன். இரட்டையர் திருநாளுக்கு இருவரும் எடுத்த வெள்ளைத் துணியில் ஒன்றைப் பிணத்துக்கு உடுத்தச் சொல்லி அனுப்பிவிட்டதாகவும், இன்னொன்றை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். நான் போனில் சொன்னதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க சொன்னீங்க, சரி. இறங்குடான்னது நான்தான அக்கா" என்றார்.

அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டது அண்ணன் என்பதால். அதைச் சட்டம் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

திரவம் ஆபத்தானது என்று அன்றைக்கு யாருக்காவது தெரிந்திருந்ததா என்று அதிகாரி கேட்கிறார். எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் எனக்காக ஜன்னலைத் திறந்தேன். அதை அறிக்கையில் எழுதவில்லை, போனிலும் சொல்லவில்லை. அக்வெட்டே இறங்கிய தொட்டிக்கு ஜன்னல் கிடையாது.

மேலே எழுதியிருப்பதைப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னதே. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. இதை ஓக்கோவுக்கும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) எசினாம் அக்போட்சா