சுண்டெலியின் அம்மா

ஹலோ... அக்கா? குறுக்கப் பேசாம கேளு. மனுஷன் ஏன் குற்றம் செய்யறான்ங்கற கேள்விக்கு இன்னையோட முடிவு கட்டியாச்சு. கட்டினது உன் தம்பி.

...இல்ல, குடிக்கல. டிபார்ட்மெண்ட் வராந்தாவுல, புரொபசர் ரூமுக்கு எதிர்க்க நிக்கறேன்.

...தெரியும், வேலையில இருக்கே. பல்லை டாக்டர் பிடுங்கட்டும். நீ எச்சில் உறிஞ்சற குழாயைப் பிடிச்சுக்கிட்டு எனக்கு ஒரு காதைக் கொடு, போதும்.

...ஆமா, ஆமா, அதே ஆய்வுக் கட்டுரைதான். ஒரு கோஷ்டி என்ன சொல்லுதுன்னா, ஆசையைக் காட்டிட்டு வழியை அடைச்சா பையன் சுவரேறிக் குதிப்பான். இன்னொரு கோஷ்டி, கூட்டாளி கத்துக்கொடுக்காம எவனுக்கும் பூட்டு உடைக்க வராதுங்குது. அடுத்தவங்க, ஊரே திருடன்னு முத்திரை குத்தினா அவன் அந்தப் பேரைக் காப்பாத்தத்தான் பார்ப்பான்ங்கறாங்க. கடைசிக் கோஷ்டிதான் காமெடி. நாம எல்லாருமே திருடத் தயாராத்தான் இருக்கோமாம். வீட்டுப் பாசம்தான் கையைப் பிடிச்சு நிறுத்துதாம். கம்பியைத் தூக்கிட்டுக் கிளம்பினவன், ஐயோ அக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாளேன்னு பாதி வழியில திரும்பி வந்துடுவானாம். இதுக்குப் பேர் கோட்பாடு. இதுக்குப் புத்தகம் வேற.

...நீயும் சிரிக்கறே பாரு. விஷயம் என்னன்னா, இவங்க ஒருத்தருக்கொருத்தர் ஆகாது. முதல் ஆளு, தள்ளிவிட்டாதான் மனுஷன் விழுவான்ங்கறார். கடைசி ஆளு, பிடிச்சுக்கலைன்னா தானா விழுவான்ங்கறார். ஒப்பிடு, ஆனா ஒட்டவைக்காதேன்னு புரொபசர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். நான் அத்தனை பேரையும் ஒரே பஸ்ஸுல ஏத்திட்டேன். ஒருத்தரும் சீட்டுக்குச் சண்டை போடல.

...குரலா? நடுங்கலையே.

...சரி, நடுங்குது.

அக்கா, கொஞ்ச நேரத்துல உனக்கு எங்க புரொபசர் போன் பண்ணுவார். நீ சுண்டெலியோட அம்மா பேசறேன்னு சொல்லணும்.

...சுண்டெலி. ஒரு பையன். சீர்திருத்தப் பள்ளியில இருக்கான், இந்த வாரம் வெளிய வர்றான். ...அட, நிஜப் பேரை எழுதக்கூடாதுன்னு ஆய்வுல ஒரு விதி இருக்கு. பேட்டி கொடுத்த பசங்க ஒவ்வொருத்தனுக்கும் ஒரு புனைபேர் வைக்கணும். வச்சேன்.

...ஆமா. மத்த பேருக்கெல்லாம் பின்னாடி ஒரு பையன் இருக்கான். இவனுக்குப் பேர் மட்டும்தான் இருக்கு.

...கத்தாதே. வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கறவர் பயந்துடப் போறார்.

நான் என்னதான் பண்ண? நிஜப் பசங்க ஒருத்தனும் ஒத்து வரல. சைக்கிள் எடுத்த ஒருத்தன்கிட்ட மணிக்கணக்கா உக்காந்தேன். ஏன்டா எடுத்தேன்னா, சும்மான்னான். பணத் தேவையான்னேன், இல்லையாம். யாராவது சொல்லிக்கொடுத்தாங்களான்னேன், இல்லையாம். பின்ன ஏன்டா? சும்மா. எந்தக் கோட்பாட்டுலயும் சும்மாவுக்கு இடமே இல்லக்கா. சுண்டெலிகிட்ட எல்லாம் இருந்துது. வறுமை, கெட்ட சகவாசம், திருடன்னு கூப்பிட்ட வாத்தியார், ராத்திரி பகலா வேலைக்குப் போற அம்மா.

...அம்மாவைச் சாகடிச்சிருக்கலாம்தான். கடைசிக் கோட்பாட்டுக்குத் தேவைப்பட்டாங்க. நேத்து புரொபசர் அவங்க நம்பர் கேட்டார். எனக்கு மனப்பாடமா வந்தது உன் நம்பர்தான்.

...தப்புதான். தப்புதான்ங்கறேன்ல. ஆனா இதுல யாருக்கு என்ன நஷ்டம்? எல்லாருமே கொஞ்சம் இப்படித்தான்...

...சந்தேகப்பட்டிருந்தா பரவால்லையே. அழுதுட்டார். சுண்டெலியைப் படிச்சுட்டு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, தெரிஞ்சவர் நடத்தற தொழிற்பள்ளியில ஒரு இடம் பிடிச்சுட்டார். தங்கற வசதியோட. அம்மா சரின்னு சொன்னா இன்னைக்கே பதிஞ்சுடுவாங்களாம்.

...மாட்டேன்னு சொன்னா இன்னும் மோசம். நேர்ல போய் பையன்கிட்ட பேசுவேன்னு கிளம்பிடுவார். எந்தப் பையன்கிட்ட? அதனால நீ சரி சார், நன்றி சார்னு மட்டும் சொல்லிடு. அழக்கூட வேண்டாம், தொண்டையைக் கனைச்சா போதும். ரெண்டு வாரம் கழிச்சுப் பையன் ஓடிட்டான்னு நான் சொல்லிக்கறேன். அந்தப் பசங்க ஓடறது வழக்கம்தானே, யாரும் கேக்க மாட்டாங்க.

...என்ன சொன்னேன்? 'அந்தப் பசங்க'ன்னா? ...ஆமா, அப்படித்தான் சொன்னேன். வாய் தவறி வந்துடுச்சு.

...அந்த இடமா? காலியா இல்ல. முன்னாடி ஒரு பையனுக்கு வச்சிருந்தாங்க.

...சைக்கிள் பையன்தான். அடுத்த மாசம் வெளிய வந்து நேரா அங்க சேரறதா இருந்துது. அவனைவிட சுண்டெலிக்குத்தான் அவசியம்னு புரொபசரே மாத்திட்டார்.

...வெளிய வந்து எங்க போவான்னு எனக்கு எப்படித் தெரியும்?

...கேட்டேன். ...போக இடம் இல்லன்னான். பேட்டியில எழுதியிருக்கேன்.

...அக்கா, உண்மையைச் சொன்னா என் படிப்பு அவ்வளவுதான். இனிமே இந்த வராந்தாவுல பொய்ப்பேட்டின்னுதான் என்னைக் கூப்பிடுவாங்க. வேற எந்தக் காலேஜும் சேர்க்காது. அப்பாகிட்ட நீதான் மல்லுக்கட்டி என்னை இதுல சேர்த்தே, அது ஞாபகம் இருக்கா?

...திட்டு. நல்லாத் திட்டிடு.

...அக்கா?

...மூச்சு விடறது கேக்குது. ஏதாவது சொல்லேன். நீ கத்தினா எனக்கு ஒண்ணும் ஆகாது. நீ இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாத்தான் என்னால முடியல.

...

சரி.

...சரி. அவர் போனை நீ எடுக்க வேண்டாம். நானே போறேன். கதவு திறந்துதான் இருக்கு. புரொபசர் போனைக் காதுல வச்சுப் பார்த்துட்டுக் கீழ வைக்கறார். நம்ம லைன் பிசின்னு வந்திருக்கும். மறுபடி எடுக்கறார்.

...இல்ல, நீ வச்சுடாதே. நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் சட்டைப் பையில போட்டுக்கறேன். லைன்ல மட்டும் இரு. ...ஒரு நிமிஷம்தான்க்கா, டாக்டர்கிட்ட ஏதாவது சொல்லிக்கோ.

இருக்கியா?

...ம்.

சார்... உள்ள வரலாமா சார்? ...அந்த நம்பருக்குப் போட வேண்டாம் சார்.